மாவுப் பல்செட்டிடம் சொன்னது

...முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று இணையத்து கம்ப்யூட்டர் குழுவில் எழுதியிருக்கிறான் ஒருவன், படித்துவிட்டுத்தானே ஐயா வந்தேன், படித்தும் மண்டையில் ஏறாததைத்தானே கேட்கிறேன், இன்னொருவன் கேள்வியை விட்டுவிட்டு, திரையைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள் என்கிறான், போட்டோவில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறதாம், அதற்கு நாலு பேர் சிரிப்புப் பொம்மை வேறு... சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மாலை கிளினிக் திறப்பதற்குள், வருகிறவர்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இந்த புரோகிராம் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் எவனோ வந்து காட்டிய டோக்கன் மெஷினைப் பல் டாக்டர் வாங்கி வாசலில் வைத்துவிடுவார், அப்புறம் வரவேற்பில் நான் எதற்கு? "மெஷினெல்லாம் எதுக்கு டாக்டர், நானே கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதிடறேன்" என்று யார் என்னை வாயைக் கொடுக்கச் சொன்னது... அவர் சிரிக்கவில்லை, "சரிம்மா, பார்க்கலாம்" என்று பல் பிடுங்கப் போய்விட்டார். சிரித்தது அத்தான். அக்கா புருஷன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, "உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேலை, அதுக்குன்னு ஒரு மூளை வேணும்" என்றார். அது எந்தக் கடையில் கிடைக்கும் அத்தான் என்று கேட்டிருக்க வேண்டும், அக்கா முகத்துக்காக விழுங்கினேன். இப்போது அவரிடம் போய் நிற்பேனா? செத்தாலும் மாட்டேன். முகம் தெரியாத இந்தக் கும்பல் திட்டட்டும், திட்டுகிற நேரத்தில் ஒருவனாவது பதிலும் சொல்கிறான்.

சொல்லியும் இருக்கிறார் ஒருவர், நரைமீசை என்ற பெயரில், "எழுதினத வரி வரியா எதிர்ல இருக்கற ஏதாவது ஒண்ணுகிட்ட சத்தமா சொல்லிப் பாருங்க தங்கச்சி, நாங்கல்லாம் அதுக்குன்னே ரப்பர் வாத்து வச்சிருக்கோம்." வாத்துக்கு நான் எங்கே போவேன், மேஜையில் இருப்பது டாக்டர் எல்லாருக்கும் மாதிரிக்குக் காட்டுகிற, மாவுக்கட்டு மாவில் வார்த்த மாவுப் பல்செட், சரி, நீயே கேள். இதோ பார், வந்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கூப்பிடு என்கிறேன், கூப்பிடுகிறது, முதல் ஆளை மட்டும் விட்டுவிடுகிறது, ஏன்? ஒன்றிலிருந்து தொடங்கு என்றுதானே சொல்லியிருக்கிறேன், ஒன்றிலிருந்து... அட! இந்தச் சனியன் சைபரிலிருந்து அல்லவா எண்ணும், பாடத்திலேயே இருந்ததே, முதலில் வந்தவர் அதற்குச் சைபராவது ஆள், நான் மனுஷி மாதிரி ஒன்று என்று சொல்லி அவரை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஒன்றை அழித்துச் சைபர் போட்டேன். ஓடியது, வரிசை பிசகாமல் கடைசிவரை! சோதனைக்கு முதல் பெயராக அத்தானைத்தான் போட்டிருந்தேன், இவ்வளவு நேரமும் விட்டுப்போனது அவர்தான். மூளை வேண்டுமாம், மூளை.

குழுவில் போய் எழுதினேன், இந்த முறை எழுத்தாகவே, "கண்டுபிடிச்சிட்டேன், சிரிச்சவங்களுக்கும் நன்றி." அதற்குள் கதவு திறந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், அழுகிற குழந்தையோடு ஒரு அம்மா, தாங்களே பெயரைத் தட்டினார்கள், கம்ப்யூட்டர் கூப்பிட்டது, எழுந்து உள்ளே போனார்கள். டாக்டர் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையேம்மா, எல்லாத்தையும் அதுவே பார்த்துக்குதே!" ஆமாம் டாக்டர் என்று சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றது... அதுவேதான் பார்த்துக்கொள்கிறது, வந்ததிலிருந்து ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியானால் இந்த நாற்காலி எதற்கு என்று அவருக்குத் தோன்றாதா? தோன்றட்டுமே. எழுதியவள் நான், நாளைக்கு இது மக்கர் பண்ணினால் என்னிடம்தானே வர வேண்டும்... வருவாரா?