செவ்வாய்க்கிழமை வல்லம்

நாகலெட்சுமி பின்லாந்து, போர்ச்சுகல், இந்தியா மூன்றின் விடுமுறைகளையும் பார்த்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் குறித்திருந்தாள். மூன்று நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த கருவி அது. கடலில் போகும் படகிலிருந்து அலையின் உயரத்தை அனுப்பும். ஐரோப்பாவிலிருக்கும் கணினி கணக்குப் போட்டு, மீனவரின் கைப்பேசியில் தமிழிலேயே எச்சரிக்கை சொல்லும். இன்று மதிப்பீட்டுக் குழு நேரலையில் பார்க்கிறது. தேறினால் அடுத்த கட்ட ஆய்வு இந்தக் கரையில். பின்லாந்தில் இதே வேலையைப் பார்க்கும் அவள் கணவன் பூமிநாதன் ஊரோடு வந்துவிடலாம். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவன் அங்கே, அவள் இங்கே.

காலையில் தங்கச்சிமடம் கரைக்கு வந்தால், விசைப்படகுகள் அத்தனையும் நங்கூரத்தில் நின்றன. கருவி பொருத்திய படகும்தான்.

"கித்தேரியக்கா, படகை எப்ப எடுப்பாக?"

படகுக்காரர் மனைவி கித்தேரி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "இன்னைக்கு நாட்டுப்படகு முறைல்ல? விசைப்படகு நாளைக்குத்தான். வெள்ளக்காரன் லீவெல்லாம் பாத்தியே தாயி, எங்க லீவப் பாக்கலையாக்கும்!"

ஒருநாள் விசைப்படகு, மறுநாள் நாட்டுப்படகு என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. உப்பூர் விவசாய வீட்டுப் பெண்ணான நாகலெட்சுமிக்கும் அவள் புருஷனுக்கும் தோன்றவே இல்லை. பூமிநாதனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"தள்ளிவைக்கச் சொல்லவா நாகு?"

"தள்ளிவச்சா குழுக்காரவுக அடுத்த வருசம்தான் கூடுவாக. வேணாங்க. கருவிய நாட்டுப்படகு வல்லத்துல ஏத்திடுறேன்."

"அது சின்னப் படகுடி. ஆட்டமே வேற. கணக்கு தப்பாயிரும்."

"அப்ப கணக்க மாத்துங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. "நீளத்தச் சொல்லு. சீக்கிரம்!"

"ஏலே முனியா, நில்லுலே!" புறப்பட்டுக்கொண்டிருந்த வல்லத்தைப் பார்த்துக் கித்தேரி கத்தினாள். நாகலெட்சுமி கயிறு பிடித்து வல்லத்தை அளந்து, நீளத்தைப் பூமிநாதனுக்குச் சொன்னாள். விசைப்படகிலிருந்து பேட்டரி இறங்கியது. கருவியைத் தலையில் தாங்கி, சேலை நனைய இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் பாய்மரத்தில் கட்டி, எச்சரிக்கை போகும் எண்களில் முனியனின் எண்ணையும் சேர்த்தாள். வல்லம் கடலுக்குள் போனது.

ஏலக்கூடத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்தபோது குழுவினர் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். வரைபடம் வெறுமையாகக் கிடந்தது. கித்தேரி அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கோடு துள்ளியது. இன்னொன்று. பிறகு அலை அலையாக.

கித்தேரியின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. "அக்கா, எம் போனு பேசுது!" என்று கடலிலிருந்து முனியன் கத்தினான். "தெக்க அலை கூடுதாம், பாத்துப் போவணுமாம்!"

குழுத் தலைவி, போர்ச்சுகல்காரப் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றினார். படகு ஏன் மாறியது என்று கேட்டார். நாகலெட்சுமி உள்ளதைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இது பெரிய படகுகளுக்கு மட்டும்தான் உதவும் என்பதே குழுவின் சந்தேகமாம், அது தீர்ந்ததாம். "அடுத்த கட்டம் உங்கள் கரையில்தான்."

திரையின் பின்லாந்துச் சதுரத்தில் பூமிநாதன் துள்ளி எழுந்தான். "நாகு, நான் வாரேன்டி!"

என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டார்.

"தரவு முழுதாக வந்துவிட்டதாம்," என்று ஆங்கிலத்தில் சமாளித்தாள் நாகலெட்சுமி. முகம் சிவந்துவிட்டது.

கித்தேரி அவளைத் தள்ளிவிட்டுத் திரைக்குள் முகத்தை நீட்டினாள்.

"ஹஸ்பண்ட் கமிங், மேடம்! கமிங்!"

மூன்று நாட்டிலும் கைதட்டினார்கள்.