முதுகுவரை வந்த சுவர்

ஜூலை ஒன்பது. பட்டறையின் பின்சுவர் ஒரு முழம் உள்ளே வந்திருந்ததை அரை முழம் என்று தப்பாக அளந்துவிட்டதாக, மாலை வகுப்புக்குப் போகும் இளைய மெக்கானிக் டைரியில் எழுதினான். சுவர் நகர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சில வருடங்களாகவே அப்படித்தான். அவன் உற்சாகமாக வாயைத் திறந்தால் உள்ளே வரும். அடங்கிப்போனால் தானாகப் பின்வாங்கும். பட்டறையை நடத்தும் அண்ணன், நகர்த்திக்கொள்ள வசதியாக வேலைமேசைக்குச் சக்கரம் பூட்டிவிட்டார். அண்ணி, "கொஞ்சம் அளந்து பேசுங்க தம்பி, டயர் அடுக்க இடம் வேணும்" என்பதோடு சரி.

துறைமுகப் பணிமனையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் கைநழுவிப் போகும். அண்ணனிடம் சொல்ல ஆரம்பித்தாலே சுவர் நெருங்கும். அண்ணன் தோளில் கைவைத்து, "நீ இருக்கிற தைரியத்துலதான்டா நான் இருக்கேன்" என்பார். இவன் குரல் பாதியாகும், சுவரும் போய்விடும்.

அந்த வாரம் வகுப்பில் அழுத்தம் மாறும் ஆயில் பம்ப் பற்றிய பாடம். தகடுகளோடு சுழலும் உருளை, அதைச் சுற்றி ஒரு வளையம். ஸ்பிரிங் வளையத்தை ஒருபக்கம் தள்ளி வைத்திருக்கும்வரை உள்ளறைகள் பெரிது, ஆயில் தாராளம். அழுத்தம் ஏறினால் அந்த ஆயிலே வளையத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். அறைகள் சுருங்கும், வரத்து குறையும். வளையத்துக்கு ஆயிலைத் திறந்துவிடும் வால்வுக்கு மின்சாரம் கொடுத்தால் குறைந்த அழுத்தத்திலேயே வளையம் நகர்ந்துவிடும். வால்வின் வயர் அறுந்தால் பம்ப் நின்றுவிடுமா என்று கேட்டான்.

"நிக்காது, முழு அழுத்தத்துக்குப் போயிடும்" என்றார் ஆசிரியை. "அடக்கி வைக்கத்தான் கரண்டு வேணும்."

சனிக்கிழமை, அண்ணன் வேனுக்கு அடியில் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து நின்றான். அங்கிருந்து அவர் கை தோளுக்கு எட்டாது.

"அண்ணே, திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரல. துறைமுகத்துல வேலை."

"நீ இருக்கிற தைரியத்துல..." என்று அடியிலிருந்து குரல் வந்தது. கை வரவில்லை. அவன் இன்னொரு முறை முழுக் குரலில் சொன்னான். சுவர் டயர்களைக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்து, அவனை வேனோடு சேர்த்து அழுத்தியது. மூச்சு அரையாக வந்தது. அவன் அடங்கவில்லை, சுவரும் திரும்பவில்லை.

அண்ணன் மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். உள்பக்கம் திறக்கும் கதவை டயர்கள் அடைத்திருந்தன. கருவிப்பெட்டி அவற்றுக்கு அடியில். ஜன்னலில் அண்ணி எட்டிப் பார்த்து, ராத்திரி உள்ளேயே படுக்க வேண்டியதுதான், கம்பிக்குள் போர்வைதான் நுழையும், தலையணை நுழையாது என்றாள்.

அண்ணன் டயர்களுக்கு மேலாக எட்டி, கதவின் மேல்கீலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இது வெளிப்பக்கமாத் திறக்கணும்டா" என்றார்.

நாளைய வேலை: கடை திறந்ததும் அண்ணி திருப்புளியும் இரண்டு கீலும் வாங்கி வர வேண்டும், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் பொருத்த வேண்டும்.