மும்முனைக் கிட்டார்

பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்டை விட்டு நின்ற பிறகு, சொந்த ஊரான ஏம்பலத்தில் எனக்கென்று மிஞ்சியது எங்கள் உரக் கொட்டகையில் பாதி. மீதிப் பாதியில் அப்பா யூரியா அடுக்கியிருந்தார். என் பாதியில் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் செய்துகொண்டிருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு.

கிட்டாரின் உடம்பு, உடைந்த வேப்பங்கட்டிலின் தலைப்பலகை. ஆம்ப்ளிஃபையர், சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் மழையில் நனைய விட்டுக் கைகழுவியது. அதன் வால்யூம் குமிழ் அம்மாவின் செத்துப்போன மிக்ஸியுடையது. மூன்றுக்கு மேல் வைத்தால் கூரை ஓடு அதிரும். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். அதையும் நானே சுற்றினேன். வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய, முடியை விட மெல்லிய செம்புக் கம்பி, தையல் மெஷினில் மாட்டி எட்டாயிரம் சுற்று. மூன்று முறை அறுந்தது. மூன்று முறையும் முதலிலிருந்து சுற்றினேன். கம்பெனியில் இந்தப் பொறுமை இருந்திருந்தால் சூப்பர்வைசர் ஆகியிருப்பேன் என்றார் அப்பா.

இவ்வளவு செய்தும் அந்தப் பிக்கப்புக்கு ஒரு வியாதி. பக்கத்து நிலத்துப் பலராமன் மாமாவின் போர் மோட்டாருக்குப் போகும் கேபிள் கொட்டகையின் பின்சுவரை ஒட்டிப் போகிறது. மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மாமா ஆட்டோ ஸ்விட்ச் போட்டிருந்ததால் மின்சாரம் வந்தவுடன் மோட்டார் பூமிக்கடியில் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கும். சத்தம் முழுவதும் என் கிட்டாரில் வரும். நான் கம்பியைத் தொடாவிட்டாலும், எருமை தொண்டையைச் செருமுவதுபோல ஆம்ப்ளிஃபையர் இரையும்.

போனில் நான் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, பாண்டியில் ஒரு மியூசிக் பேண்டில் வாசிக்கும் கார்த்திகா ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வந்து நல்லா இருக்குதுன்னு சொன்னா கொட்டா உனுக்கு. இல்லன்னா திங்கக்கெழம உங்க மாமன் கூப்புட்ற கம்பெனிக்கிக் கெளம்பு. அங்கயும் பாட்டில் மூடிதான், நைட் ஷிப்ட்டுதானாம், உனுக்குப் பயக்கம்தான."

ஆகவே வியாதியைக் குணப்படுத்தியாக வேண்டும். வழி ஒன்றுதான். காந்தத்தைத் திருப்பி வைத்து, எதிர்த் திசையில் சுற்றிய இரண்டாவது சுருளை முதல் சுருளுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது தின்றுவிடும், வாசிப்பது மட்டும் மிஞ்சும். மறுபடி எட்டாயிரம் சுற்று. வியாழக்கிழமை பொருத்தினேன். கொட்டகை அமைதியானது. வாழ்க்கையில் ஒரு வேலையை உருப்படியாக முடித்துவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். பின்னால் பலராமன் மாமாவும், அந்தப் பக்கம் நெல் போட்டிருக்கும் மணியம்மாள் அத்தையும். மூன்று பேர் காலிலும் சேறு இல்லை. அதுதான் பிரச்சினை.

"பத்து மணிக்கி வந்து ஒரு மணிக்கிப் போயிருக்குது கரண்டு" என்றார் அப்பா. "இத இன்னாடா பண்ண? ஏன் கத்தல?"

அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதமாக எங்கள் பக்கத்தில் எல்லோரும் என் கிட்டார் இரைவதைக் கேட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். அப்பா மோட்டார் போட ஓடுவார். பலராமன் மாமா மடை திருப்ப ஓடுவார். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வாசிப்பை யாரும் கேட்பதில்லை என்று நான் நினைத்திருந்தது சரிதான். நான் வாசிக்காதபோதுதான் கேட்டிருக்கிறார்கள்.

இரைந்தால் கார்த்திகா நல்லா இல்லை என்றுதான் சொல்வார் என்று விளக்கினேன். அது உன் பாடு, கரும்பு நட்டு இருபது நாள்தான் ஆகிறது என்றார் அப்பா. ஒரு பல்பு மாட்டித் தருகிறேன் என்றேன்.

"பல்பப் பாத்துக்கினு யாரு ஒக்காந்திருக்கறது?" என்றார் அத்தை. "சத்தம்னா, கொழம்பு வெச்சிக்கினே காதுல வுழும்பா."

சனிக்கிழமை கிட்டாரில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். மேலே தள்ளினால் இரண்டு சுருளும் வேலை செய்யும், அமைதி. கீழே தள்ளினால் ஒன்று மட்டும், எருமை. ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் மேலே இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு பத்தரைக்கு ஸ்கூட்டியில் கார்த்திகா வந்தார். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து, கட்டில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுருதி சேர்த்து வாசித்தார். நான் செய்தது நன்றாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் ஒரு கம்பியை இழுத்து நிறுத்தியபோது அப்பா உள்ளே வந்தார். குனிந்து, கிட்டாரின் ஸ்விட்ச்சைக் கீழே தள்ளினார்.

எருமை செருமியது.

"வந்துட்ச்சி" என்று அப்பா வெளியே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு ஓடினார். வாசலைக் கடந்து பலராமன் மாமா மண்வெட்டியோடு ஓடினார். அவருக்குப் பின்னால் அத்தை கரண்டியோடு ஓடினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கார்த்திகா கிட்டாரை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே திங்கட்கிழமையும் மூடிகளும் கண்முன் வரிசையாக நின்றன. அவர் ஸ்விட்ச்சை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

அரை மணி கழித்து முழங்கால் வரை சேற்றோடு அப்பா திரும்பினார். என்னம்மா சொல்ற என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க. எனக்கே குடுத்துடுங்க, இன்னிக்கே எடுத்துக்கறேன்."

அப்பாவின் முகம் மாறியது. கார்த்திகாவிடமிருந்து கிட்டாரை மெதுவாக வாங்கி, குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இதத் தர முடியாதும்மா. பையன் வேற ஒண்ணு செஞ்சி குடுப்பான். கொட்டா இருக்குதுல்ல, அவன் எங்கப் போவப் போறான்?"

சாயந்திரம் அவரே, கம்பெனிக்குக் கூப்பிட்ட மாமாவுக்குப் போன் போட்டு, பையனுக்கு இங்கே வேலை இருக்கிறது என்றார். காலை ஆறு மணிக்கே ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, ஸ்விட்ச்சைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. பகல் ஷிப்ட். லீவு கிடையாது. நடுவில் கார்த்திகாவின் கிட்டாருக்குச் சுருள் சுற்றிக்கொள்ளலாம்.

பலராமன் மாமாவின் ஆட்டோ ஸ்விட்ச்சில் ஒரு மின்சார மணியை மாட்டினால் இந்த வேலை முழுவதும் முடிந்துவிடும். பத்து நிமிட வேலை. நான் யாரிடமும் சொல்லவில்லை.