முதல் கிளாஸ்

ஹோட்டலில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். மூக்கு பெரியது என்பதால் அல்ல, அது அளவாகத்தான் இருந்தது. எந்த வெண்ணெய் நேற்றையது, எந்த மீன் இன்று தாங்காது என்று சமையலறை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் பயந்தார்கள், முதலாளியம்மா பெருமைப்பட்டார். அந்த மோப்பம் போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போயிற்று. காய்ச்சல் இறங்கியது, மோப்பம் திரும்பவில்லை.

இது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் கொழுந்தனுக்கு. புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. ஒரு நாள் வீட்டில் பால் அடிப்பிடித்து நாறிக்கொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டியபடி அவள் நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான். அடுப்பை அணைத்தான்.

"எவ்வளவு நாளா இப்படி, அண்ணி?"

அவள் அழுதுவிட்டாள். "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான். விடவும் இல்லை. அதே ஹோட்டலில் மது பரிமாறும் வேலை அவனுக்கு, அண்ணி சொல்லி வாங்கிக்கொடுத்தது. அன்றிலிருந்து அவள் எதைக் கொதிக்கவைத்தாலும் எதையோ தேடி வருவதுபோல் வருவான், முகர்ந்து பார்ப்பான், "போதும்" என்றோ "இன்னும் கொஞ்சம்" என்றோ முணுமுணுத்துவிட்டுப் போவான். பேர் அவளுக்கு, நடை அவனுக்கு.

முதலாளியம்மா புதுக் கிளை திறக்கப்போகிறார். விஸ்கியும் அதற்குத் தோதான சாப்பாடும் மட்டுமே உள்ள இடம். "அதை நீதான் பார்த்துக்கணும், மூக்கம்மா. முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேண்டியவங்களைக் கூப்பிட்டு நடத்திப் பார்ப்போம்" என்றார். பாட்டில்களுக்குத் துணி உறை. நிறம் தெரியாமலிருக்கக் கருநீலக் கிளாஸ். பெயரைச் சொல்லாமல் ஊற்றி, விருந்தாளிகளுக்கு வழிகாட்டுவது கொழுந்தன். தட்டு அவள் பொறுப்பு. ஒவ்வொரு கிளாஸுக்கும் முதலில் வாய் திறக்கவேண்டியதும் அவள்தான். அதை நினைத்து அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

அன்று காலை சாமான் அறையில் அவன் தைரியம் சொன்னான்.

"முதல்ல தேன் மாதிரி லேசானது. ரெண்டாவது உலர்திராட்சை இனிப்பு. புகை அடிக்கிறது கடைசி. ஊத்தினதும் நான் மோந்து பார்த்துட்டு உங்களைப் பார்ப்பேன். தலையாட்டினா தைரியமாப் பேசுங்க. ஆட்டலேன்னா வாயே திறக்காதீங்க."

"நீ இல்லேன்னா என் கதி என்னடா?"

அவன் சிரித்தான். நல்ல பிள்ளையின் சிரிப்பாகத்தான் தெரிந்தது அவளுக்கு.

நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டில் வரிசையாகப் பேரிக்காயும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும், அடுத்து பாதாம் கேக், கடைசியில் புகையில் வாட்டிய மீன். கொழுந்தன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்று, "மூக்கைக் கிளாஸுக்குள்ள விட்டுடாதீங்க, எரியும். வாயை லேசாத் திறந்துகிட்டு மோந்து பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்கள். அவன் தன் கிளாஸை எடுத்து நன்றாக இழுத்து முகர்ந்தான். அவளைப் பார்த்தான். தலையாட்டினான்.

அவள் முகர்ந்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தாள். நாக்குக்குச் சூடும் கொஞ்சம் இனிப்பும் தெரிந்தன, அவ்வளவுதான்.

"மூக்கம்மா சொல்லட்டும், அப்புறம் நாம சொல்லுவோம்" என்றார் முதலாளியம்மா.

"தேன்" என்றாள் அவள். "நல்ல பூந்தேன். பின்னாடி பச்சை ஆப்பிள் தோல் மாதிரி ஒரு வாசம். ரொம்ப சாதுவானது. அதனாலதான் பேரிக்காய் வெச்சிருக்கேன். ஒரு கடி கடிச்சுட்டுக் குடிச்சுப் பாருங்க, தேன் தூக்கலாத் தெரியும்."

ஒருவரும் பேரிக்காயைத் தொடவில்லை. பக்கத்து நாற்காலி டாக்டரம்மா தன் கிளாஸை மறுபடி முகர்ந்து, "எனக்கு என்னவோ வீடு பத்தி எரிஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இது புகைம்மா" என்றார் முதலாளியம்மா மெதுவாக. "ஊத்தும்போதே இங்க வரைக்கும் அடிச்சுது."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பாட்டிலின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, புகைதான். வழக்கமா கடைசியில குடுக்கிறது, இன்னைக்கு மாத்தி வெச்சேன்" என்றான் மேஜையைப் பார்த்து. "அண்ணியைத் தப்பா நினைக்காதீங்க. காய்ச்சலுக்கு அப்புறம் அவங்களுக்கு வாசனையே தெரியறதில்ல. பாவம், சொல்ல வெக்கப்பட்டுகிட்டு இருந்தாங்க."

கூட இருந்தே கழுத்தை அறுத்தான், அறுத்த இடத்தில் பஞ்சையும் வைத்தான். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. மேஜையில் இருந்தவர்களின் கண்களில் அது அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டது. மற்ற இரண்டு கிளாஸையும் அவனே பேசி முடித்தான். நன்றாகவே பேசினான். முதல் கிளாஸுக்கு மீனைச் சேர்த்துச் சாப்பிடச் சொன்னான். அவள் கையால் வாட்டிய மீனை எல்லோரும் அவனைப் பார்த்துப் பாராட்டினார்கள். கிளம்பும்போது முதலாளியம்மா அவள் தோளைத் தொட்டு, "புதுக் கிளையை அவன் பார்க்கட்டும். நீ முதல்ல உடம்பைக் கவனி" என்றார்.

சமையலறையில் அவனை மடக்கினாள்.

"பாட்டில் மாறிப்போச்சுன்னு ஒரு பொய்யாவது சொல்லுடா. நம்பிட்டுப் போறேன்."

அவன் அழுக்குக் கிளாஸ்களைத் தொட்டியில் அடுக்கினான்.

"மோந்து பார்த்துட்டுத்தானே தலையாட்டினே?"

"எத்தனை நாளைக்கு அண்ணி நான் உங்க மூக்கா இருக்கிறது? மோந்தது பூரா நான், பேரு மட்டும் உங்களுக்கு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் இருவரும் தனித்தனியாக வீடு திரும்பினார்கள். பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் டீ போட லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, பத்த வைக்காதீங்க! கேஸ் வாடை அடிக்குது" என்றான் கொழுந்தன், வாசற்படியில் நின்று.

நேற்றுவரை அவன் சொன்னால் போதும். இன்று அவள் அடுப்பைப் பார்த்தாள். திருகுகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. அவனைப் பார்த்தாள். மறுபடி அடுப்பைப் பார்த்தாள். பொய்யா நிஜமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? லைட்டரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நீங்க மோந்து பார்த்துச் சொல்லுங்க."

அவன் வந்தான், பதறிப்போய் சிலிண்டரை மூடினான், ஜன்னலைத் திறந்தான். "டியூப்ல கசியுது. இந்த அடி அடிக்குது, மூக்கம்மாவுக்குத் தெரியலையா?" என்று சிரித்தான்.

"தெரியல. காய்ச்சல்லேருந்து எனக்கு எந்த வாடையும் தெரியல. உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. வாசற்படியில் இருந்தவன், "நான் உண்மையைத்தானே சொன்னேன், அண்ணி" என்றான்.

"சொன்னே" என்றாள் அவள். "இனிமே நீ எது சொன்னாலும் உங்க அண்ணனைக் கேட்டுக்கிறேன்."