ஏழாம் பாடத்தின் கடைசிப் பத்து நொடி

...அப்படியென்றால் பதினொன்று ஆறாகக் குறைந்ததில் பாடத்தின் பங்கு எவ்வளவு, கோவிந்தராசுவின் பங்கு எவ்வளவு, இதை எந்தக் கத்தியால் வெட்டிப் பிரிப்பது என்று மோகனப்பிரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளாக ஒரு கட்டம், 'பயிற்சியால் நிறுவனத்துக்குக் கிடைத்த மதிப்பு, ரூபாயில்', அதை நிரப்பாமல் அறிக்கை அடுத்த பக்கத்துக்கு நகராது, சென்னைத் தலைமை அலுவலகத்தில் அப்படித்தான் அமைத்துத் தந்திருக்கிறார்கள். நூறு பீங்கான் கோப்பை சூளைக்குள் போனால் முன்பெல்லாம் பதினொன்று, அடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு, வீணாகும், இப்போது ஆறுதான். செல்போனில் பார்க்கிற வீடியோப் பாடம் வந்த பிறகு குறைந்தது, சரி, ஆனால் அதே மாதம்தானே சூளை பார்க்கும் கோவிந்தராசு தேய்ந்த தட்டுகளையெல்லாம் கழித்துப்போட்டுப் புதுத் தட்டு அடுக்கினார்... தட்டு மாத்துனா ஒட்டாதுங்க மேடம், அதுக்கு எதுக்குங்க பாடம் என்று அப்போதே சிரித்தார். மணி மூன்றே கால். நாலு மணிக்குச் சென்னையோடு வீடியோ கூட்டம். கண் எரிந்தது, காலையில் சாப்பிட்ட இட்லி இன்னும் நெஞ்சிலேயே நின்றது, யாராவது வந்து இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால்கூட ஏன் என்று கேட்க மாட்டாள் போலிருந்தது.

அறுபத்து மூன்று பேர், பன்னிரண்டு பாடம், தொண்ணூற்றேழு சதவீதம் முடித்துவிட்டார்கள். இவ்வளவு நல்ல எண் எந்த ஊர்த் தொழிற்சாலையிலும் இல்லையாம். இருக்காது, எப்படி இருக்கும்? விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு வருகிற பொம்பளைகளில் எத்தனை பேர் கையில் அவரவர் நம்பர் இருக்கிறது? வேலைக்குச் சேரும்போது ஆதாரில் இருக்கிற நம்பரைத்தான் வாங்கினார்கள். அது புருஷன் நம்பர், மகன் நம்பர், கொழுந்தன் நம்பர். பாடத்தைத் திறக்கும் சங்கேத எண் அந்த நம்பருக்குத்தான் போகும், போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மாணவர். மகன்கள் பஸ்ஸில் போகும்போது தட்டித் தட்டி முடித்தார்கள், கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு மாமனார் பன்னிரண்டு பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார், அந்த மனுஷன் சூளையைக் கண்ணால் பார்த்ததில்லை. இதெல்லாம் இவளுக்குத் தெரியாதா? முதல் வாரத்திலேயே தெரியும். வாயை மூடிக்கொண்டாள். பயிற்சி அலுவலர் என்பது பெயருக்குத்தான், ஒவ்வொரு வருஷமும் இதே மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், எண் நன்றாக இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். நான்கு வருஷமாக இப்படியே ஓட்டியாயிற்று.

ஓட்டியிருப்பாள், மதியம் அந்த பிரேம்நாத் போன் செய்யாமல் இருந்திருந்தால். சென்னையில் இந்தக் கணக்குகளையெல்லாம் அலசுகிற பையன், பேச்சில் எப்போதும் உற்சாகம் வழியும், அதைக் கேட்டாலே இவளுக்கு இன்னும் அலுப்பாக வரும். மேடம், உங்க சிவசங்கரி எங்க எல்லா யூனிட்லயும் நம்பர் ஒன், ஏழாம் பாடத்த மட்டும் இருநூத்துப் பன்னெண்டு தடவ பாத்துருக்காங்க, பதினாலு மணி நேரத்துக்கு மேல, ஒவ்வொரு தடவையும் கடைசிப் பத்து நொடிய மட்டும் மறுபடி ஓட்டிருக்காங்க, அதுல அப்படி என்ன முக்கியமான பாயிண்ட் இருக்கு மேடம், நாலு மணிக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்க, டைரக்டர் கேக்கணுங்கறார். இவள் சரி என்றாள். சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்லிப் பழகியிருக்கிறாள்? ஏழாம் பாடம் என்பது அடி துடைப்பது. கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்த கோப்பையின் அடியை ஈர ஸ்பாஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாலு நிமிஷம். அதை எடுத்ததே இவள்தான், இவள் செல்போனில், அதில் துடைக்கிற கை யாருடையது... சிவசங்கரியுடையது! தான் துடைப்பதைத் தானே இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்துக் கற்றுக்கொண்டாளா? சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை.

பார்த்த நேரங்களைத் திறந்தாள். காலை பத்தே முக்கால், பகல் ஒன்று பத்து, சாயங்காலம் நாலரை. அந்த நேரமெல்லாம் சிவசங்கரி கிளேஸ் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருப்பாள், உள்ளே போனுக்கு அனுமதியே இல்லை. பதிவேட்டைப் புரட்டினால் அவள் பெயருக்கு நேரே இவளுடைய கையெழுத்திலேயே சின்னதாக, 'கணவர் எண், நந்தகுமார், சவுதி'. அங்கே லாரி ஓட்டுகிறவன். பிறகு அந்தக் கடைசிப் பத்து நொடியை ஓடவிட்டுப் பார்த்தாள். கை கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறது, ஸ்பாஞ்சைப் பிழிகிறது, பிறகு படத்தில் இல்லாத முகத்திலிருந்து ஒரு குரல், "போதுங்களா மேடம்? கையி மரத்துப்போச்சுங்க", ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். அதை வெட்டிவிடச் சொல்லியிருந்தார்கள், சோம்பலில் விட்டுவிட்டாள். இன்னொன்று நினைவுக்கு வந்தது. பாடத்தின் முடிவில் கருத்து எழுதும் இடத்தில் நாலு மாதத்துக்கு முன்பு சிவசங்கரி பெயரில் வந்த ஒரே வரி, 'வீடியோவில் முகம் தெரியவில்லை'. அதற்கு இவள் பதில் போட்டிருந்தாள், 'கையைக் கவனித்தால் போதும், நன்றி'. ஐயோ, என்ன பதில் அது!

கீழே இறங்கிப் போனாள். கிளேஸ் பிரிவில் ஈர வாடை, மின்விசிறிச் சத்தம், ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஊதுவது. சிவசங்கரி நிமிராமலே கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள், முப்பது வயதுகூட இருக்காது, விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. பதிவேட்டில் இருக்கிற அந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்று மோகனப்பிரியா கேட்டாள். "அதுவா மேடம், அவரு எடுத்துக்கினு போயிட்டாருங்க, பேங்கு மெசேஜு வரும்னு. எனக்கு இப்ப வேற நம்பரு இருக்குது." அவர் நன்றாகப் பேசுகிறாரா என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டாள். கை நின்றது. "பேசி எட்டு மாசம் ஆவுதுங்க. லீவுல வந்தப்ப, கம்பெனிக்குப் போவாத, வூட்ல கெடன்னாரு. நான் போவேன்னேன். அதோட சரி." அலட்சியமாகச் சொல்லத்தான் பார்த்தாள், முடியவில்லை. மோகனப்பிரியா யோசித்தாள். சொல்வதா வேண்டாமா? சொல்லாவிட்டால் நாலு மணிக்கு சிவசங்கரியைத் திரை முன்னால் உட்காரவைத்து, என்னம்மா கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள், முழிப்பாள், பொய்க்காரி என்று வேலையை விட்டு நிறுத்துவார்கள். சொன்னால் அவளுடைய சொந்த நம்பருக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் பழைய கணக்கு அழிந்து பூஜ்யமாகும், அங்கே அவனுக்கு அந்தப் பத்து நொடியும் மூடிக்கொள்ளும். அப்புறம் மற்ற நம்பர்களையும் தோண்டுவார்கள், தன் ஒப்பந்தக் கையெழுத்து அவ்வளவுதான்... சொல்லிவிட்டாள். தடுமாறி, எல்லாவற்றையும், அவன் அங்கிருந்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்பதையும், முகம் தெரியவில்லை என்று எழுதியதையும்.

சிவசங்கரி ரொம்ப நேரம் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் வடிந்து தீர்ந்த பிறகும். கண் நிறைந்தது, புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. நம்பரை மாற்றட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா, நீயே சொல்லு என்றாள் மோகனப்பிரியா. "மாத்திடுங்க மேடம்." "யோசிச்சுச் சொல்லும்மா, அப்புறம் அவரால பாக்க முடியாது." "பாத்தது போதுங்க. கொரல கேக்கணும்னா எனக்குப் போன் பண்ணிக் கேக்கட்டும். நம்பரு தெரியாதா அவருக்கு? எல்லாந் தெரியும்." அடுத்த கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள்.

சிவசங்கரியைக் கூட்டிவராமல் தனியாகவே மாடி ஏறினாள், மூச்சு வாங்கியது. மூன்று ஐம்பத்தாறு. புது நம்பரை அடித்தாள், உறுதியா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினாள், முதலிடத்திலிருந்த பெயர் பட்டியலின் அடிக்குப் போய் பூஜ்யத்தோடு நின்றது. மஞ்சள் கட்டத்தை வெறுமையாகவே விட்டாள், பிரேம்நாத் இப்போது அழைப்பான், உண்மையைச் சொன்னால் இந்த மாதத்தோடு வேலை போகும், போகட்டும் என்று தைரியமாக நினைக்க முயன்றாள், தைரியம் வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. நந்தகுமார்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. ஒரு போன் செய்தால் முடிகிற விஷயத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்தே தீர்த்துக்கொள்ள நினைத்தான், வீம்பு... தனக்கு என்ன வீம்பு? சவுதியில் அல்ல, அந்தப் பெண்களுக்கு நேர் மேலே, இதே மாடியில் உட்கார்ந்து அவளும் தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், சதவீதமாக, நிமிஷமாக, நொடியாக. கடைசியாக எப்போது இறங்கிப் போய் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டாள்? கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது. இன்றைக்கு இந்தக் கூட்டம் மட்டும் இல்லையென்றால் இறங்கியிருப்பாளா? தெரியவில்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.