உயிரோடு இருப்பவருக்கு ஏற்றிய விளக்கு

டென்மார்க்கின் விபோர்க் நகர மண்டபத்துக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த சுசீலாதேவி, மேடையோரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அந்த வருடம் கண்மூடிய தமிழர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மாலை, முன்னால் ஒரு சிட்டி விளக்கு. கடைசிப் படம் கிர்ஸ்டனுடையது. கறுப்பு வெள்ளை, வயது இருபத்தைந்து இருக்கும்.

நாற்காலியில் இருந்த பழைய டேனிஷ் நடிகை கிர்ஸ்டனுக்கு இப்போது வயது தொண்ணூற்றிரண்டு. உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, பேசப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்ச் சங்கத் தலைவர் சண்முகலிங்கத்தை சுசீலா மறித்தாள்.

"அண்ணை, நான் அனுப்பின படம் எங்கை? போன கிழமை எடுத்தது."

"அதிலை ஒரே சுருக்கம், தங்கச்சி. மகளிர் விழாவுக்குப் பிரதம விருந்தினர் எண்டால் பார்க்க வடிவாய் இருக்கவேண்டாமே? இன்டர்நெட்டிலை தேடி எடுத்தன். பெடியள் பழைய படத்தைக் கண்டிட்டு மாலையைப் போட்டிட்டாங்கள். விடும், அவவுக்கு விளங்கவே போகுது?"

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுசீலாவுக்கு, காலையில் தலை வாரிவிடும்போது கிர்ஸ்டன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஓல்போர்க் நகரிலிருந்து ஹொலிவூட்டுக்கு நடிக்கப் போன பெண்ணின் பல்லை அழகுக்கென்று பிடுங்கினார்கள், பெயரை மாற்றினார்கள். படத்துக்குப் படம் அவள் பாத்திரத்தைச் சாகடித்தார்கள். முப்பத்துமூன்று வயதில், "உன்ரை முகம் முடிஞ்சுது" என்றார் தயாரிப்பாளர். கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்தப் போய்விட்டாள் என்று ஸ்ரூடியோவே பத்திரிகைக்குக் கதை கொடுத்தது. கலியாணமுமில்லை, குடும்பமுமில்லை. ஓல்போர்க்கில் ஒரு தியேட்டரில் ரிக்கெற் கிழித்தார். தன் படம் ஓடிய நாளில்கூட ஒருவரும் அடையாளம் காணவில்லை. நடந்ததைத் தன் வாயால் ஒருமுறையாவது சபையில் சொல்லவேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்திருந்தார்.

"காலமானவர்களுக்கு அகவணக்கம்," என்றது ஒலிபெருக்கி. சபை எழுந்து தலை குனிந்தது.

"ஏன் எழும்பினவை? எனக்கோ?" டேனிஷில் கேட்டார் கிர்ஸ்டன்.

"பிறகு சொல்லுறன்."

"இப்பவே சொல்லு, சுசீலா. பொய்யரோடைதான் நான் காலம் முழுக்க வேலை செய்தனான்."

சொன்னாள். செத்தவர்களுக்குத்தான் மாலையும் விளக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாள். கிர்ஸ்டன் தன் படத்தைக் கையால் காட்டினார்.

"திரும்பவும் சாகடிச்சுப்போட்டாங்கள். என்னை முன்னுக்குத் தள்ளு."

அத்தனை மௌனத்துக்குள்ளும் நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. தன் படத்தருகே வந்ததும் கிர்ஸ்டன் குனிந்து, மூச்சை இழுத்து, தன் விளக்கை மட்டும் வாயால் ஊதினார். திரி புகைந்தது. சபை திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"ஐயோ, விளக்கை வாயாலை ஊதக்கூடாதெண்டு சொல்லும்," என்று பதறி வந்தார் சண்முகலிங்கம்.

"உயிரோடை இருக்கிற மனுசிக்கு ஏத்தவும் கூடாது, அண்ணை."

"மைக்," என்று கையை நீட்டினார் கிர்ஸ்டன்.

"நிகழ்ச்சி நிரலிலை முதல் வரவேற்பு நடனம்..." என்று இழுத்தார் சண்முகலிங்கம்.

சுசீலா அவர் கையிலிருந்த மைக்கைப் பறித்துக் கிர்ஸ்டனிடம் கொடுத்தாள். படத்தை மாலையோடு தூக்கி, முகம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தாள்.

"இருங்கோ எல்லாரும்," என்றாள் சபையைப் பார்த்து. "அவ டேனிஷிலை கதைப்பா, நான் தமிழிலை சொல்லுவன். ஒண்டையும் விடமாட்டன்."