இரு பக்கமும் ஒன்றெனக் கொள்க

என் அக்கா முனவர் பேகம் இரண்டு வருடமாக என் லேப்டாப்பில் நடந்துகொண்டிருக்கிறாள். முழு அக்கா இல்லை, அவளுடைய இடுப்பெலும்பும் தொடையெலும்புகளும் மட்டும். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடக்கிற அக்காவால் மூன்று மாதமாகக் கழிப்பறை வரைக்கும்கூட நடக்க முடியவில்லை.

நான் கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். முப்பத்தொரு வயதில் மாணவன் என்று சொல்லிக்கொள்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில், நடக்கும்போது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டுவது என் வேலை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என அந்த மூட்டு இரண்டு உண்டு. அசைவது என்னவோ ஊசிமுனை அளவுதான். ஆனால் உடம்பின் மேல்பாதி பாரம் மொத்தமும் அதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்க வேண்டும். படத்தில் பாரம் குறைந்த இடம் நீலமாகவும், அளவு மீறிய இடம் சிவப்பாகவும் தெரியும்.

இதற்கு உண்மையான ஒருவரின் ஸ்கேன் வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதிக் கடிதம் எழுதி எழுதி நான் அலுத்துப்போயிருந்தபோது, சிறுநீரகக் கல்லுக்காக அக்கா எடுத்த ஸ்கேனின் டிஸ்க் பீரோவில் கிடைத்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் தினமும் பத்து மணி நேரம் நின்றே என்னைப் படிக்கவைத்தவள் அவள். எலும்பையும் கேட்கிறான் பார் என்று மகள் நிதாவிடம் கேலி பேசிவிட்டு, டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஸ்கேன் என்பது உடம்பைக் குறுக்கே சீவியதுபோல் எடுத்த நானூறு கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் எலும்பு எது, சதை எது என்று மவுஸால் ஓரம் வரைந்து பிரிக்க வேண்டும். கண் பூத்துப்போகிற வேலை. இடது பாதியை முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வலது பாதியை நான் தொடவே இல்லை. இடதையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வலப்பக்கம் ஒட்டிவிட்டேன். நானாகக் கண்டுபிடித்த திருட்டுத்தனம் இல்லை இது, எங்கள் துறையில் பலர் செய்வதுதான். கட்டுரையில் ஒரு வரி எழுதினால் போதும்: இரு பக்கமும் ஒன்றெனக் கொள்ளப்படுகிறது. கைடும் கேட்கவில்லை, கட்டுரையைச் சரிபார்த்தவர்களும் கேட்கவில்லை. சோம்பேறிகளுக்கென்றே இப்படி மரியாதையான வாக்கியங்கள் இருக்கின்றன.

போன வருடம் ரம்ஜான் முடிந்த சமயத்தில் அக்காவுக்கு வலி வந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவிலிருந்து எழும்போது வலது இடுப்பில் சுருக்கென்று பிடிப்பதாகச் சொன்னாள். டாக்டரிடம் போகலாமா என்று நிதா கேட்டதற்கு, வீட்டிலேயே ஒருத்தன் இடுப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது எதற்கு வெளியே போவது என்றாள். அந்தப் பேச்சில் எனக்குத் தலை கால் புரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் எலும்பை நடக்கவிட்டேன். வலது மூட்டு, இடது மூட்டு, எல்லாமே நீலம்.

"பாருங்க்கா, மூட்டு ரெண்டும் சுத்தமா இருக்குது. நின்னுட்டே வேலை செய்யறதுனால வர்ற வலிதானுங்க" என்றேன்.

டாக்டரிடம்கூட அவள் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டாள். இடுப்பை இறுக்கிக் கட்டினால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும் என்றும் சொன்னேன். கம்பெனியில் மிஞ்சிய அகல எலாஸ்டிக்கை இரண்டு மடிப்பாகத் தைத்துக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதம் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம் எல்லாம் தம்பி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டான், ஒன்றுமில்லையாம் என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு, டேபிளிலிருந்து திரும்பிய இடத்திலேயே விழுந்தாள். கோயமுத்தூர் டாக்டர், வலது மூட்டை ஒட்டிய எலும்பில் கட்டி என்றார், புற்றுநோய் என்றார், நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் எலும்பை வெட்டி எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் அக்காவின் முன்னாலேயே சொன்னார். இன்றைக்கு அவளிடம் இருப்பது சில மாதங்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய ஸ்கேனைத் திறந்து, முதன்முறையாக வலது பக்கத்தைப் பார்த்தேன். இருந்தது. உளுந்து அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஸ்கேன் பார்த்தவர் கல்லைத் தேடியிருக்கிறார், கல்லைப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எலும்பைப் பார்ப்பது ஒன்றுதான் என் வேலை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அக்கா பதினெட்டு வருடம் செக்கிங்கில் நின்றவள். ஒரு பீஸில் ஓட்டை தெரிந்தால், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அதோடு விடமாட்டார்கள். எந்த ரோல் துணியில், எந்த இடத்தில் தொடங்கியது என்று பின்னாலேயே தேடிப் போவார்கள். அதே கணக்கில், அந்தப் பழைய ஸ்கேனில் இது இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றாள். டிஸ்க் கீறல் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். லேப்டாப்பில் ஏற்றியதை நான்தான் பார்த்தேனே என்றாள். ஒரு வாரம் சாக்குப் போக்குச் சொன்னேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நிதா டியூஷனுக்குப் போனதும், கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போடச் சொன்னாள்.

படங்களை வேகமாகத் தள்ளினேன். மெல்ல என்றாள். ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

"நிறுத்து கண்ணு. ஒண்ணு பின்னால போ" என்றாள். விரலால் திரையைத் தொட்டாள். "இங்க ஓட்டை இருக்குது."

டாக்டர் படித்தவர் தவறவிட்டதை, பிஎச்.டி. தவறவிட்டதை, எட்டாவது படித்தவள் படுத்தபடியே கண்டுபிடித்தாள். பிறகு ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். இரண்டரை வருடத்துக்கு முந்தைய தேதி.

"நீ பாக்கலியா?"

"வலது பக்கத்த நான் பாக்கவே இல்லீங்க்கா. இடதையே திருப்பி வெச்சுட்டேன்."

"ஏன்?"

"நாளாகும்னுங்க்கா."

"எத்தன நாளு?"

"ஒரு மாசம்."

ஒரு மாசம் என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். டேபிளில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடிக்கிற பெண்களை எப்படித் திட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அதில் பாதியைத் திட்டியிருந்தாலும் நான் அவள் காலில் விழுந்து கிடந்திருப்பேன். அவள் சுவரைப் பார்த்தாள். எலாஸ்டிக் பட்டை இன்னமும் அங்கே ஆணியில்தான் தொங்குகிறது. நிதாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், நாளைக்கு உன்னிடம்தானே அவள் இருக்க வேண்டும் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு, அந்த நடக்கிறதைப் போடு என்றாள்.

போட்டேன். வெறும் எலும்பு, வலது, இடது, வலது, இடது என்று நீலமாக நடந்தது. இருபது அடி நடந்து முடிந்ததும் முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தது. அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அப்ப இது நானில்ல. இவளுக்கு ரெண்டுமே நல்ல பக்கம்" என்றாள்.

நான் லேப்டாப்பை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாத கண்ணு. அவளாச்சும் நடக்கட்டும்."